கிளைக்கொரு மருத்துவமனை

அக்கா சென்னையில் சிகிச்சை எடுத்துக்கொள்கிறார். தங்கை கல்யாணமாகிப் போனது பெங்களூருக்கு. அங்கே வேறொரு மருத்துவமனை. சித்தப்பா மகள் மும்பையில். மூவருக்கும் மார்பகப் புற்றுநோய், மூவருக்கும் இன்னும் ஐம்பது வயதாகவில்லை. தனித்தனியே பார்த்தால் மூன்று நோயாளிகள், மூன்று கோப்புகள். சேர்த்து வைத்தால்தான் இது ஒரே குடும்பம் என்பதும், ஏதோ ஒன்று தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது என்பதும் தெரியும். பரம்பரைப் புற்றுநோய் ஆய்வுக்கு எதற்கு இத்தனை மையங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆட்களின் எண்ணிக்கை கூடும் என்பதெல்லாம் அடுத்த காரணம். நோயாளி ஒரு மருத்துவமனைக்குள் இருப்பார், குடும்பம் இருக்காது.

இப்படிப் பல ஊர் மையங்களை இணைத்து நடக்கும் ஆய்வுக்கு ஒருங்கிணைப்பாளர் நான். மருத்துவர் இல்லை, ஆய்வகத்திலும் இல்லை. குடும்பம் எங்கெங்கே சிதறிக் கிடக்கிறதோ அங்கெல்லாம் கேட்கப்படும் கேள்வி ஒன்றாக இருக்கிறதா, எழுதப்படும் விடை ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

1990இல் மேரி கிளேர் கிங், மார்பகப் புற்றுநோய்க்கான ஒரு மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். 1994இல் அந்த மரபணுவான பிஆர்சிஏ1, அடுத்த ஆண்டு பிஆர்சிஏ2 என்ற இன்னொன்று கைக்கு வந்தன. தாயிடமோ தந்தையிடமோ பழுதான பிரதி இருந்தால், பிள்ளை ஒவ்வொருவருக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு. 2017இல் வந்த பெரிய ஆய்வின்படி, 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ1 மாற்றமுள்ள பெண்களுக்கு 72 சதவீதம், பிஆர்சிஏ2 மாற்றமுள்ளவர்களுக்கு 69 சதவீதம். சினைப்பைப் புற்றுநோய்க்கு 44, 17. இந்த எண்களும் ஒரு மருத்துவமனையில் கிடைத்தவை அல்ல. 1995இல் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா மூன்றிலும் தொடங்கிய மார்பகப் புற்றுநோய்க் குடும்பப் பதிவேடு, 1997இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய கேகான்ஃபேப் போன்ற வலைப்பின்னல்கள் வருடக்கணக்காகக் குடும்பங்களைப் பின்தொடர்ந்ததால் கிடைத்தவை. அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளி. நம் ஊர்ப் பெண்ணிடம் அதே எண்களை நாம் சொல்லும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. நமக்கென்று கணக்கு வேண்டும் என்ற ஆசைதான் என்னை இந்த வேலையில் வைத்திருக்கிறது.

எல்லாம் குடும்ப வரலாறு எழுதுவதில் தொடங்குகிறது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவர் என்றால் உள்ளே மை. குறைந்தது மூன்று தலைமுறை. கேட்க எளிது. ஆனால் “எங்க பாட்டி வயித்துல கட்டி வந்து போயிட்டாங்க” என்று ஒருவர் சொல்லும்போது எந்தக் கட்டி? சினைப்பை என்றால் பிஆர்சிஏ பக்கம் பார்க்க வேண்டும். கர்ப்பப்பையின் உட்சுவரோ பெருங்குடலோ என்றால் லிஞ்ச் நோய்க்குறி என்ற வேறொரு பரம்பரைக் கோளாறின் பக்கம் போக வேண்டும். கர்ப்பப்பை வாய் என்றால் பெரும்பாலும் ஹெச்பிவி வைரஸின் வேலை. பரம்பரைக்கு அதில் பெரிய பங்கில்லை. சித்தி என்று சொன்னால் அம்மாவின் தங்கையா, சித்தப்பாவின் மனைவியா என்று கேட்டாக வேண்டும்; முன்னவர் ரத்த உறவு, பின்னவர் அப்படியில்லை. அக்கா மகளைக் கட்டிய வீட்டில் ஒரே பாட்டி இரண்டு கிளையிலும் வந்து நிற்பார். படத்தில் அவரை இரண்டு முறை வரைந்துவிட்டால் ஒரு புற்றுநோய் இரண்டாகிவிடும்.

அதைவிடப் பெரிய ஓட்டை அப்பா வழி. மார்பகப் புற்றுநோய் என்றதும் கேட்பவர், சொல்பவர் இருவருமே அம்மா வழியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

“அப்பா பக்கம் எதுக்கும்மா? இது பொம்பளைங்க சமாச்சாரம்தானே?”

“அப்பாகூடப் பிறந்த அத்தைங்க எத்தனை பேரும்மா?”

இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தெரிந்த மரபணு ஆலோசகர் இருக்கும் மையத்தில் குடும்பங்கள் கிடைக்கின்றன. மாற்றம் ஓர் ஆண் வழியாகச் சத்தமில்லாமல் கடந்து வரும், அவருக்கு ஒன்றும் வராமலே போகலாம், மகளுக்கு வரும். அதனால் எங்கள் படிவத்தில் அப்பா வழி முதலில் வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். வரிசை மாறினால் என்ன வந்துவிடும் என்று கேட்டார்கள். படிவத்தின் கடைசிப் பக்கத்துக்கு வரும்போது கேட்பவரும் களைத்திருப்பார், சொல்பவரும் களைத்திருப்பார். முதலில் கேட்பதற்குத்தான் முழு விடை கிடைக்கும்.

நெறிமுறைக் குழு அனுமதிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம். 2017இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) வெளியிட்ட வழிகாட்டுதல், பல மைய ஆய்வுகளுக்குப் பொதுவான பரிசீலனையை அனுமதிக்கிறது. இருந்தும் ஒவ்வொரு நிறுவனமும் தன் குழுவில் ஒருமுறை படிக்கவே விரும்புகிறது. படிக்கட்டும். அவர்களுக்கும் தங்கள் நோயாளிகளிடம் கடமை இருக்கிறது. ஒப்புதல் படிவத்தின் வாக்கியங்கள் மட்டும் மையத்துக்கு மையம் மாறக் கூடாது. ஓர் ஊரில் அனுமதி வாங்கியதை இன்னோர் ஊரில் வாங்காமல் விட்டால், அந்தக் குடும்பத்தின் தகவலை ஒன்றுசேர்க்க முடியாது.

ரத்தம் ஊதா மூடி போட்ட ஈடிடிஏ குழாயில் வரும். குழாயின் மேல் பெயர் இருக்காது, குறியீடு மட்டும். அந்தக் குறியீட்டில் ஆளுக்கான எண்ணோடு குடும்பத்துக்கான எண்ணும் இருக்க வேண்டும் என்பதே என் முதல் விதி.

மரபணு முடிவுகள் வந்த பிறகு வேறு சிக்கல். பிஆர்சிஏ1இல் இரண்டு எழுத்துகள் விழுந்துவிடும் ஒரு மாற்றம் இருக்கிறது. அதனால் புரதம் தொடக்கத்திலேயே முறிந்துபோகும். அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுவதால் உலகறிந்த மாற்றம் இது. 2009இல் வந்த, தென்னிந்தியப் பெண்களைப் பற்றிய ஓர் ஆய்விலும் அடிக்கடி தென்பட்டது. யூதர்களிடமிருந்து வராமல் இங்கே தனியாகவே தோன்றியிருக்கலாம் என்று, ஓர் இந்தியக் குடும்பத்தை ஆராய்ந்தவர்கள் 2007இல் எழுதினார்கள். இதற்கு 185டெல்ஏஜி என்றொரு பெயர். 187டெல்ஏஜி என்றும் எழுதுவார்கள். அந்த இடத்தில் ஏஜி, ஏஜி என்று எழுத்துகள் இரட்டித்து வருவதால் எந்த ஜோடி விழுந்தது என்பதில் இரண்டு கணக்கு. இன்றைய முறைப்படி சி.68_69டெல்ஏஜி, எண்ணத் தொடங்கும் இடமே மாறிவிட்டது. ஒரு மையம் பழைய அறிக்கையைப் பார்த்து ஏற்றும், இன்னொன்று புதியதைப் பார்த்து ஏற்றும். கணினிக்கு இவை மூன்று மாற்றங்கள். அக்காவும் தங்கையும் வேறு வேறு மாற்றம் உள்ளவர்களாகப் பட்டியலில் நிற்பார்கள். அதனால் யார் என்ன பெயரில் அனுப்பினாலும் ஒரே முறைக்கு மாற்றிய பிறகுதான் பொதுத் தரவுத்தளத்தில் ஏற வேண்டும். இதை ஒரே இடத்தில், ஒரே ஆள் பொறுப்பில் வைத்திருக்கிறோம்.

இதுவரை சொன்னவையெல்லாம் ஒழுங்கு இருந்தால் தீரக்கூடியவை. ஒழுங்கு மட்டும் போதாதது ஒன்று உண்டு: பொருள் உறுதியாகாத மாற்றம். மரபணு மாற்றங்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். ஒரு முனையில் நோய் தருபவை, மறு முனையில் தீங்கற்றவை. நடுவே எந்தப் பக்கம் என்று சொல்ல ஆதாரம் போதாதவை. நம் மக்களின் மரபணுத் தகவல் உலகத் தரவுத்தளங்களில் குறைவாக இருப்பதால், நம்மவர் அறிக்கைகளில் இந்த நடு வகை அதிகம் வருகிறது. இவற்றை வகைப்படுத்தவே 2009இல் எனிக்மா என்ற சர்வதேசக் கூட்டமைப்பு உருவானது. நடு வகையிலிருந்து பின்னால் நகர்பவற்றில் பெரும்பாலானவை தீங்கற்ற பக்கம்தான் போகின்றன. ஆனால் அந்த முடிவு வர வருடங்கள் ஆகும். அதற்குள் அந்தப் பெண் வீடு மாறியிருப்பார், கைபேசி எண் மாறியிருக்கும், நிதி முடிந்து மையத்தின் செவிலியரும் வேலை மாறியிருப்பார். பழைய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, சினைப்பையை எடுத்துவிடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கலாம். நல்ல செய்தி எங்களிடம் இருக்கும், அவரிடம் போய்ச் சேர்ந்திருக்காது. கெட்ட செய்தி என்றால் அவரோடு அவருடைய தங்கைகள், மகள்கள், மகன்கள் எல்லோருக்குமே அது தேவை.

விட்டுவிடாமல் பின்தொடர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு பழைய குடும்பமே சாட்சி. அமெரிக்காவில் ஆன் ஆர்பரில் 1895இல் ஒரு தையல்காரப் பெண், தன் வீட்டில் எல்லோரும் புற்றுநோயில் போகிறார்கள், தானும் அப்படித்தான் போவேன் என்று ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோய்க்கூறு மருத்துவரிடம் சொன்னார். அப்படியே கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தார். வார்த்தின் அந்தக் குடும்பத்தைக் குறித்துவைத்து 1913இல் வெளியிட்டார். பிறகு 1936இல் வேறு இருவர் தொடர்ந்தார்கள், அதன்பின் ஹென்றி லிஞ்ச். 2000இல் எம்எஸ்ஹெச்2 மரபணுவில் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு அந்தக் குடும்பத்தின் காகிதங்கள் போய்க்கொண்டிருந்ததால்தான் அது முடிந்தது.

எங்கள் ஆய்வுகளுக்கு நிதி மூன்று வருடம், மிஞ்சிப்போனால் ஐந்து. விண்ணப்பத்தில் வரிசையாக்கும் கருவிக்கு இடமுண்டு, வேதிப்பொருளுக்கு இடமுண்டு. ஆய்வு முடிந்த பின்னும் வருடத்துக்கு ஒருமுறை எல்லாக் குடும்பங்களோடும் பேசித் தொலைபேசி எண்ணைச் சரிபார்க்கும் ஆளுக்குச் சம்பளம் கேட்டால், அது ஆய்வா சேவையா என்று திருப்பிக் கேட்கிறார்கள். அதுவே ஆய்வு என்பது என் உறுதியான கருத்து. பின்தொடராத குடும்பத்திலிருந்து நமக்கென்று ஒரு சதவீதக் கணக்கு எந்தக் காலத்திலும் வராது.

இப்போது ஒப்புதல் படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறோம்: உங்களைத் தொடர்புகொள்ள முடியாமல் போனால், அல்லது நீங்கள் இல்லாமல் போனால், முடிவை யாரிடம் சொல்ல வேண்டும்? பெயர், உறவு, ஊர், இரண்டு தொலைபேசி எண்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டு வரும் படிவத்தை நான் ஏற்பதில்லை. மையத்துக்கே திருப்பி அனுப்பி, மறுபடியும் கேட்டுவரச் சொல்கிறேன்.