பேனும் பெருமாளும்

மனிதனுடைய அவயவங்களில் தலைக்குத்தான் கர்வம் அதிகம். ஆனால் அதில் ஒரு பூச்சி கடித்துவிட்டால் சொந்தக்காரராலேயே பார்க்க முடியாது. கையில் கடித்தால் திருப்பிப் பார்க்கலாம். காலில் கடித்தால் குனிந்து பார்க்கலாம். தலையில் கடித்தாலோ, இன்னொருவர் முன்னால் போய்த் தலை குனிந்தே ஆக வேண்டும்.

பார்க்கிறவர் முதலில் கவனிக்க வேண்டியது, கடி எந்த இடத்தில் என்பதை. நெற்றியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தடித்திருந்தால் பெரும்பாலும் கொசு. காலையில் எழுந்ததும் முகத்திலும் கழுத்திலும் இரண்டு மூன்று தடிப்புகள் வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சியின் கைவரிசை. கட்டில் இடுக்கைச் சோதிப்பது நல்லது. இவற்றுக்குச் சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிஷம் வைத்தால் போதும். நெற்றியில் கொசு கடித்தால் மறுநாள் குழந்தையின் கண்ணிமை வீங்குவதுண்டு. இமைத் தோல் தளர்ந்தது. நீர் அங்கே இறங்கிவிடுகிறது. பயமில்லை. சீழோ காய்ச்சலோ கண்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். உதடும் நாக்கும் வீங்கினால், மூச்சு முட்டினால், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் ஓயாத அரிப்பா? அது பேன். பேனைப் பெருமாளாக்குவது என்பார்கள். பெருமாளாக்கினால்கூடப் பாதகமில்லை, நாம் அதைப் பாவமாக அல்லவா ஆக்கிவிடுகிறோம்!

எங்கள் தெருவில் ஒன்பது வயசுக் குழந்தை ஒருத்தி. தலையில் பேன் என்று பள்ளிக்கூடத்தில் அவளைத் தனியே உட்கார வைத்துவிட்டார்கள். பின்னலைக் கத்தரித்துவிடலாம் என்றார் தகப்பனார். பாட்டியம்மாள் எங்கிருந்தோ மண்ணெண்ணெய் சம்பாதித்துக்கொண்டு வந்துவிட்டார். குழந்தை ஒன்றும் பேசவில்லை. இரண்டு கைகளாலும் பின்னலைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

பாட்டிலை நான் வாங்கிக்கொண்டேன். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும்; பக்கத்தில் நெருப்பு இருந்தால் உயிருக்கே ஆபத்து. பேன் அழுக்கினால் வருவதில்லை. தினம் தலைமுழுகுகிறவர்களுக்கும் வரும். அதற்குச் சிறகு கிடையாது, குதிக்கவும் தெரியாது. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து வருகிறது. அதாவது, சிநேகமாயிருக்கும் குழந்தைகளுக்குத்தான் வருகிறது. தலைப்பேன் எந்த வியாதியையும் பரப்புவதாகவும் தெரியவில்லை. முதல் தடவை வந்தால் அரிப்புத் தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம்; ஆகையால் யார் கொடுத்தது என்று துப்பறிவது வீண் வேலை.

ஊதினால் உதிர்வது பொடுகு. முடியில் ஒட்டிக்கொண்டு வர மறுப்பது ஈர். தலையை நனைத்து, வழுக்கலுக்குக் கண்டிஷனர் தடவி, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாரி, ஒவ்வொரு தடவையும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். ஈர் பொரிய 7 முதல் 10 நாள் ஆகும். எனவே மூன்று நாளைக்கு ஒருமுறை, இரண்டு மூன்று வாரம் விடாமல் வார வேண்டும். பெர்மெத்ரின் 1 சதவீத மருந்தும் உண்டு; டாக்டரைக் கேட்டுக்கொண்டு போடலாம். மறக்காமல் வீட்டில் எல்லோர் தலையையும் பார்த்துவிட வேண்டும்.

அந்தத் தாயார் மூன்று வாரம் பொறுமையாக வாரினார். பின்னல் பிழைத்தது. மண்ணெண்ணெய் மட்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பாட்டியம்மாள் திருப்பிக் கேட்கவில்லை. எல்லோர் தலையையும் பார்த்தபோது, குழந்தைக்கு அடுத்தபடியாக அகப்பட்டது அவருடைய தலைதானாம்!