முன்னிலை

தன்மை, முன்னிலை, படர்க்கை என்று நம் இலக்கணம் சொல்லும் மூன்று இடங்களில் சிக்கலானது முன்னிலைதான். படர்க்கையில் ஒருவரைப் பற்றி எப்படியும் பேசிக்கொள்ளலாம். அவர் அங்கே இல்லை. முன்னிலையில் அப்படியில்லை. எதிரே நிற்கிறவரை நீ என்பதா, நீங்கள் என்பதா என்று வாயைத் திறக்குமுன் தீர்மானித்தாக வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சில் 'நீரு' என்று இடையில் ஒரு படி இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதையும் நடுநிலை என்று சொல்ல முடியாது. கொடுக்கல் வாங்கல் உள்ள இரண்டு பேர் ஒருவரையொருவர் அளந்து வைத்துக்கொண்ட தூரம் அது.

ஒருவரைப் பன்மையில் சொல்லுகிற உயர்சொல் வழக்கில் உள்ளது, இலக்கண நெறி அன்று என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறது. எனக்கு இது மிகவும் யோக்கியமான விலகலாகப் படுகிறது. மரியாதையை வழக்கிடம், அதாவது தெருவிடம், ஒப்படைத்தாயிற்று. தெருவில் இந்த நிர்ணயம் மிக வேகமாக நடக்கிற இடம், போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைக் காட்டி வண்டியை ஓரம் கட்டச் சொல்கிற இடம்.

போலீஸ்காரரின் அழைப்பு என்றதும் நம்மில் பலருக்கு அல்தூசர் ஞாபகம் வரும். அரசின் கருத்தியல் கருவிகள் பற்றி 1970-ல் வெளியான கட்டுரையில் அவர் ஒரு தெருக் காட்சியை வைக்கிறார். போலீஸ்காரர் பின்னாலிருந்து கூப்பிடுகிறார். போகிறவர் தன்னைத்தான் என்று உணர்ந்து திரும்புகிறார். திரும்புகிற அந்தக் கணத்தில் அவர் தன்னிலை ஆகிறார். இதை நான் ஆங்கிலத்தில் படித்தபோது அங்கே 'யூ' என்று இருந்தது. பிரெஞ்சு மூலத்தில் 'வூ' என்று பிற்பாடு தெரிந்தது. மரியாதைப் பன்மை. ஆங்கிலத்துக்கு வரும்போது அந்தத் தகவல் உதிர்ந்துவிட்டது. தமிழில் பெயர்க்க உட்காருகிறவர் இங்கே அகப்பட்டுக்கொள்வார். 'ஏய், நீ' என்று எழுதினால் ஒரு ஆள் திரும்புவார். 'ஏங்க' என்று எழுதினால் வேறொரு ஆள் திரும்புவார்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. அல்தூசரின் போலீஸ்காரர் முதுகைப் பார்த்துக் கூப்பிடுகிறார். நம்முடையவர் எதிரே நிற்கிறார். வண்டி ஐம்பது அடி தூரத்தில் வரும்போதே அவர் வாசித்துவிடுகிறார்: எந்த ரக வண்டி, புதிதா பழையதா, சட்டை உள்ளே விட்டதா வெளியே கிடப்பதா, காலில் ஷூவா செருப்பா, பின்னால் இருப்பது மனைவியா மூட்டையா. கை உயரும்போதே பிரதிப்பெயர் முடிவாகிவிடுகிறது.

கணக்கு முடிக்கிற மார்ச் மாதத்தில் ஒரு நாள், வங்கியிலிருந்து ராத்திரி எட்டு மணிக்குமேல் ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு ரவுண்டானா அருகே சோதனை. எனக்கு முன்னால் ஒரு லோடு ஆட்டோ. இரண்டு பேரையும் ஒரே கை நிறுத்திற்று. ஏட்டையாவுக்கு என் வயது இருக்கும். லோடு ஆட்டோக்காரருக்கு அறுபதை ஒட்டியிருக்கும்.

"சார், கொஞ்சம் ஓரமா நிப்பாட்டிக்கிடுங்க. லைசென்ஸ் இருக்குல்லா சார்?" இது எனக்கு.

"ஏல, எறங்கு. பேப்பர எடு." இது அவருக்கு.

என் கழுத்தில் வங்கி அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இருட்டில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஏட்டையா படித்திருக்க முடியாது. நாடாவே போதுமானதாக இருந்தது. நான் போனைத் திறந்து லைசென்ஸைக் காட்டினேன். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2018-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு இது செல்லும். அவர் திரையைப் பார்த்தும் பார்க்காமலும் தலையசைத்தார்.

மற்றவர் இறங்கினார். முதலில் மடித்துக் கட்டியிருந்த கைலியை அவிழ்த்துக் கீழே விட்டார். பிறகு சீட்டுக்கு அடியிலிருந்து ஜவுளிக்கடைப் பை ஒன்றை எடுத்தார். ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., பெர்மிட், புகைச் சான்று, லைசென்ஸ். அசல் ஒரு கட்டு, ஜெராக்ஸ் ஒரு கட்டு. வவுச்சர்களைப் பார்த்தே காலம் கழிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அவ்வளவு சீராக அடுக்கின காகிதங்களைப் பல கடன் விண்ணப்பங்களில் நான் பார்த்ததில்லை. ஏட்டையா ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின்னால் போய் விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். எரிந்தது. "சரி, போல" என்றார். போக்குவரத்துப் போலீஸுக்கு இங்கே வெள்ளைச் சட்டை. காக்கிச் சட்டை போட்டிருந்தவர் டிரைவர்.

சற்றுத் தள்ளி ஒரு டீக்கடையில் அவர் நிற்பதைப் பார்த்து நானும் நிறுத்தினேன். அந்த 'ஏல' என்னை உறுத்திக்கொண்டிருந்தது. "என்ன அண்ணாச்சி, வயசுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்று ஆரம்பித்தேன். அவர் என் அனுதாபத்தைக் கையில் வாங்கவே இல்லை.

"ஏலன்னு சத்தம் போடுதவன் பேப்பரப் பாத்துட்டு விட்டுருவான் சார். 'வாங்க அண்ணாச்சி, டீ குடிச்சாச்சா'ன்னு ஒருத்தன் வருவான் பாருங்க, அவன்கிட்டத்தான் பைய்ய எறநூறு ரூவா போயிரும்."

பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் தொனியைப் பற்றி எனக்கு மூன்று வருஷம் பாடம் நடத்தினார்கள். அதை இந்த இரண்டு வாக்கியங்களில் கேட்டதில்லை. நான் மரியாதைச் சொல்லை மரியாதையாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது விலைச்சீட்டு. வங்கியில் எந்தப் பணம் நகர்ந்தாலும் அதற்கு ஒரு வவுச்சர் வேண்டும். சாலையோரத்தில் ரசீதில்லாமல் நகரும் இருநூறு ரூபாய்க்கு 'அண்ணாச்சி' என்ற உறவுச் சொல்லே வவுச்சர். ஒன்றைக் கவனித்தேன்: என்னைவிடப் பதினைந்து இருபது வயது மூத்தவர் என்னை 'சார்' என்றார், 'நீங்க' என்றார். அவரும் என் நாடாவை வாசித்திருந்தார்.

நம் கதைகளில் போலீஸ்காரர் வந்தால் அவர் ஒன்று ராட்சஸன், இல்லையென்றால் சினிமாவிலிருந்து இறங்கி வந்த கோமாளி. இரண்டுமே சோம்பேறித்தனமான பாத்திரங்கள். நடுரோட்டில் நிற்கிற அந்த மனிதர் பயத்தில் வாசிக்கிறார். எதிரே வருகிறவர் யாருக்கு மச்சானோ, எந்த வட்டச் செயலாளரின் ஆளோ தெரியாது. 'நான் யார் தெரியுமா' என்ற கேள்வி எந்த ஜன்னலிலிருந்தும் வரலாம். தவறாக வாசித்தால் மாறுதல் உத்தரவு அவருக்குத்தான். காலையிலிருந்து புகையில் நிற்கிறவரை அவருடைய அதிகாரி வயர்லெஸ்ஸில் 'நீ' என்கிறார். அந்த 'நீ' கீழே போக ஒரு லோடு ஆட்டோ தேவைப்படுகிறது. இது நியாயம் என்று சொல்லவில்லை. இந்த வரிசையைப் பார்க்காமல் எழுதப்படுகிற உரையாடல் பொய்யாகிவிடுகிறது என்கிறேன்.

எல்லாம் சொல் விவகாரம்தானே என்று கேட்கலாம். 2018 ஜனவரியில் சென்னை தரமணி அருகே ஒரு வாடகைக் கார் டிரைவரை சீட் பெல்ட் போடவில்லை என்று நிறுத்தினார்கள். போலீஸார் தன்னைத் திட்டி அடித்ததாகச் சொல்லி அவர் சாலையிலேயே தீ வைத்துக்கொண்டார், பின்னர் இறந்தார். இளைஞர். அதே வருஷம் மார்ச்சில் திருச்சி அருகே ஹெல்மெட் சோதனை. நிற்காமல் போன மோட்டார் சைக்கிளைத் துரத்திச் சென்று ஒரு இன்ஸ்பெக்டர் எட்டி உதைத்தார். கணவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் விழுந்து இறந்தார். இன்ஸ்பெக்டர் கைது செய்யப்பட்டார். இந்த இரண்டு குற்றங்களுக்கும் முதல் தடவை அபராதம் அன்று நூறு ரூபாய் வரைதான். நூறு ரூபாய்க்கும் ஒரு சாவுக்கும் இடையில் என்ன இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். தரமணியில் பணம் ஒரு காரணமாகவே இருந்திருக்க முடியாது. திருச்சியில், காட்டிய கைக்கு நிற்காமல் போனது ஒரு அதிகாரிக்குத் தன் முகத்துக்கு நேரே சொன்ன 'போல'வாகக் கேட்டிருக்க வேண்டும்.

2022 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் புதிய அபராதம் வந்தது. ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய்; லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000; குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. கேமரா படம் பிடித்து, செய்தி போனுக்கு வந்துவிடுகிறது. அதில் வண்டி எண் இருக்கிறது, தொகை இருக்கிறது, நீ இல்லை, நீங்களும் இல்லை. இதைச் சமத்துவம் என்று கொண்டாடுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. ஆயிரம் ரூபாய் எனக்கு ஒரு தொந்தரவு; நாள் வாடகைக்கு வண்டி எடுப்பவருக்கு அன்றைய உலை. மனைவியை ஆஸ்பத்திரிக்கு அவசரமாகக் கொண்டுபோனேன் என்று ஏட்டையாவிடம் சொல்ல முடியும், அவர் 'ஏல' போட்டுப் பேசுகிறவரானாலும். கேமராவிடம் சொல்ல வாய் இல்லை. முன்னிலையை ஒழித்துவிட்டு வருகிற சமத்துவத்தில் கேட்பதற்கும் ஆள் இல்லாமல் போகிறது.

2021 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் போலீஸார் பொதுமக்களை 'எடா', 'எடி', 'நீ' என்று விளிக்கக் கூடாது என்றது. மாநிலப் போலீஸ் தலைவர் சுற்றறிக்கையும் விட்டார். எந்தச் சொற்கள் கூடாது என்பது இப்படித் தெளிவாகிவிட்டது. எந்தச் சொல் வேண்டும் என்பது அவ்வளவு சுலபமில்லை. மலையாளத்தில் 'நிங்ஙள்' என்றாலும் சில காதுகளுக்கு உறைக்கும்; கடைசியில் 'சாரி'டம்தான் தஞ்சம் புக வேண்டும். நமக்கும் அதே கதிதான். உத்தரவு போட்டு 'நீங்க' சொல்ல வைத்தால், அடுத்த வாரமே அந்த டீக்கடை மனிதர் அந்த 'நீங்க'வின் விலை என்ன என்று கண்டுபிடித்துவிடுவார்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 130-வது பிரிவைப் படித்துப் பார்த்தேன். சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி கேட்டால் ஓட்டுநர் லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்கிறது. ஓட்டுநர் என்று மட்டும் இருக்கிறது. எந்த ரக வண்டி, என்ன செருப்பு, கழுத்தில் நாடா உண்டா என்று இல்லை. சட்டம் படர்க்கையில் எழுதியிருக்கிறது. அதை முன்னிலையில் பேசிக்காட்ட ஒரு தமிழ் இன்னும் சாலைக்கு வந்து சேரவில்லை. கதை எழுதுகிறவர்களாவது அதைத் தேடலாம்.