மகுடத்தை மிதிப்பதா, தாண்டுவதா?

மதுவைக் கையால் தொட்டறியாத ஒருவன் கடல் கடந்து போய் ஒரு மதுக்கடையைப் பார்த்து வந்தேன் என்றால் நேயர்கள் நகைப்பார்கள். என் வீட்டாரும் அவ்வாறே நகைத்தார்கள். ஆயினும் வட அயர்லாந்தின் தலைநகராகிய பெல்பாஸ்டுக்குச் செல்வோர் 'கிரௌன் லிக்கர் ஸலூன்' என்னும் விடுதியைப் பார்க்காமல் திரும்புவது அபூர்வம்.

கிரேட் விக்டோரியா வீதியில், வர்ண ஓடுகள் பதித்த முகப்புடன் அது நிற்கிறது. வாசலை அடைந்ததும், அவ்வூரில் வெகுகாலமாய் வசிக்கும் நண்பர் என் தோளைப் பற்றி நிறுத்தினார்.

"காலடியில் பாருங்கள், ஸார்!" என்றார்.

தரையில் சிறு சிறு கற்களால் இழைத்த ஒரு மகுடம்! அதைப் பற்றி அங்கே ஒரு கர்ண பரம்பரைக் கதை வழங்குகிறது. 1885-ஆம் ஆண்டில் இவ்விடுதியை அலங்கார மாளிகையாக மாற்றியவர் பாட்ரிக் பிளானிகன். அவருடைய மனைவி ராஜ விசுவாசம் மிகுந்தவள். கடைக்கு மகுடத்தின் பெயரையே சூட்ட வேண்டும் என்று பிடிவாதம் செய்தாளாம். கணவரோ அயர்லாந்தின் விடுதலையை விரும்பியவர். "உன் இஷ்டப்படியே ஆகட்டும்" என்று சொல்லி, வருகிறவர்களெல்லாம் காலைத் துடைத்துக்கொள்ளும்படி மகுடத்தை வாசல் தரையில் பதித்துவிட்டாராம்!

"நீங்கள் மிதிப்பீர்களா, தாண்டுவீர்களா?" என்று கேட்டார் நண்பர்.

எனக்கு அது விளையாட்டுக் கேள்வியாகத் தோன்றவில்லை. அந்த மகுடத்தின் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர் என் பாட்டனார். நான் யோசித்துக்கொண்டே நிற்கையில், தாகம் பொறுக்காத நாலு பேர் பின்னாலிருந்து நெருக்கினார்கள். என் கால் எங்கே பட்டது என்று அறியாமலே உள்ளே போய்ச் சேர்ந்தேன்.

உள்ளே கண்ட காட்சி என்னைப் பிரமிக்க வைத்தது. வர்ணக் கண்ணாடி ஜன்னல்கள், சிவந்த கிரானைட் கல் பதித்த நீண்ட மேடை, சித்திர வேலை செய்த மரத் தூண்கள், மங்கலாய் ஒளிரும் காஸ் விளக்குகள்! மாதா கோவில்களில் வேலை செய்ய வந்த இத்தாலியச் சிற்பிகள் மாலை வேளைகளில் இங்கே கைவண்ணம் காட்டினார்கள் என்று சொல்கிறார்கள். ஒரு புறம் கதவுள்ள பத்துச் சிற்றறைகள். பிறர் கண்ணில் படாமல் குடிக்க விரும்பிய கனவான்களுக்காக ஏற்பட்டவை அவை. பணியாளை அழைக்க மணியும், தீக்குச்சி உரசத் தகடும் இன்னும் இருக்கின்றன. மரச் சிங்கங்கள் காவல் புரிகின்றன. ஒரு கேடயத்தில் 'உண்மையான தேசபக்தி' என்று பொருள்படும் லத்தீன் வாசகம் காணப்படுகிறது. எந்த தேசம் என்று மட்டும் சிங்கம் சொல்லவில்லை!

நண்பர் ஏல் என்னும் பீரை வரவழைத்தார். பீப்பாயிலேயே நுரைத்துப் பக்குவமடையும் அந்தப் பானத்தைக் கைப்பம்பினால் நிலவறையிலிருந்து இழுக்கிறார்கள். பனிக்கட்டி போல் குளிர்ந்திருந்தால் ருசி கெட்டுவிடுமாம். சுமார் 12 டிகிரியே உத்தமம் என்றார். வறுத்த வாற்கோதுமையால் கறுத்த ஸ்டௌட் பீரைப் பக்கத்தில் ஒருவர் பொறுமையுடன் நுரை அடங்கக் காத்திருந்து அருந்தினார். நான் லெமனேடு அருந்தினேன். யாரும் பரிகாசம் செய்யவில்லை.

எதிரே இருப்பது 1971-ல் திறந்த யூரோப்பா ஹோட்டல். அந்நாட்டு உள்நாட்டுக் கலகத்தில் முப்பது தடவைக்கு மேல் வெடிகுண்டுக்கு இலக்கானது. அங்கே குண்டு வெடித்தபோதெல்லாம் இங்கே கண்ணாடிகள் நொறுங்கின. கவிஞர் ஜான் பெட்ஜமன் முதலியோர் வற்புறுத்தியதன் பேரில், 1978-ல் நேஷனல் டிரஸ்ட் என்னும் ஸ்தாபனம் இவ்விடுதியை வாங்கிப் பழைய வண்ணமே புதுப்பித்தது. அதன் பிறகும் கண்ணாடி உடைந்தது, மறுபடியும் பொருத்தினார்கள். 1998-ல் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது.

"இங்கே வந்தவர்கள் எந்தக் கட்சி?" என்று கேட்டேன்.

"இரு கட்சியும்தான். மகுடத்தை நேசிப்பவன் பெயர்ப் பலகையைப் பார்த்து வருவான். வெறுப்பவன் தரையைப் பார்த்து வருவான். வாசல் ஒன்றுதானே!" என்றார் நண்பர்.

வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மகுடத்தின்மேல் எத்தனையோ ஈரக் காலடிகள். எது யாருடையது என்று பிரித்தறிய முடியவில்லை. இம்முறை என்னை யாரும் நெருக்கவில்லை. பாட்டனாரை நினைத்துக்கொண்டேன். பிறகு, அந்தக் காலடிகளின் மேலேயே அடி வைத்து வீதியில் இறங்கினேன்.