மல்லி பூக்கட்டும், பிடுங்காதீர்கள்

"மல்லி பூத்துட்டா வேலை முடிஞ்சுச்சுன்னு பிடுங்கிப் போட்டுடாதீங்க தம்பி. அதுக்கப்புறம்தான் அதுக்கு வேலையே" என்றார் அந்த அம்மா.

கோத்தா திங்கியில் அவருடைய தாமான் வீட்டுக் கொல்லை. கத்தரி, வெண்டை, மிளகாய் வரிசைகளுக்கு ஊடே துளசியும் கொத்தமல்லியும் நிற்கின்றன. புதினா மட்டும் பழைய பெயின்ட் வாளிக்குள். மண்ணில் விட்டால் பாத்தியையே வளைத்துக்கொள்ளுமாம்.

ஜொகூர் வெக்கைக்கு மல்லி சீக்கிரமே தண்டு நீண்டு பூத்துவிடும். ரசத்துக்கு நட்டம்தான். ஆனால் அந்த வெள்ளைப் பூவில் தேன் மேலாகவே இருப்பதால், வாய் குட்டையான சின்னக் குளவிகளுக்கும் அந்தரத்தில் நின்று பறக்கும் ஈக்களுக்கும் எட்டுகிறது. அந்த ஈயின் புழு அசுவினியைத் தின்னும். குளவிகளில் பல, செடியைத் தின்னும் புழுக்களின் உடம்பிலேயே முட்டையிடும்.

இதை அவர் கற்றது செம்பனைத் தோட்டத்தில். செம்பனை இலையைத் தின்னும் கூண்டுப்புழுவின் எதிரிகளுக்குத் தீனியாக டர்னெரா போன்ற பூச்செடிகளைச் சாலையோரம் நடுவது மலேசியத் தோட்டங்களின் வழக்கம். "எதுக்கு நடச் சொல்றாங்கன்னு ஒருத்தரும் சொல்லல. குளவி மொய்க்கிறதப் பாத்து நானா புரிஞ்சுக்கிட்டேன்."

அங்கே அவருக்கு வேலை முதுகில் பம்பு சுமந்து களைக்கொல்லி அடிப்பது. நம் பெண்கள் ஒரு தலைமுறையே செய்த வேலை. பாராகுவாட் என்ற களைக்கொல்லி பட்டு நகம் கெட்டவர்கள் உண்டு. மருந்தடிக்கும் பெண்களின் உடல்நலக் கேடுகளைப் பற்றிப் பெண் தொழிலாளர் உரிமை அமைப்பான தெனாகனித்தா 2002இல் அறிக்கையே வெளியிட்டது. நாடு பாராகுவாட்டை முழுதாகத் தடைசெய்ததோ 2020 ஜனவரி 1 முதல்தான். கொல்லையில் இவர் பம்பைத் தொடுவதில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அதற்காக, வாசனைச் செடி நட்டாலே பூச்சி ஓடிவிடும் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை குறைவு. செராயின் எண்ணெய் இலைக்குள் அடங்கிக் கிடக்கிறது. கசக்கினால்தான் வெளியே வரும். அவரும் செராயை வரப்பில் வைத்திருப்பது, ஆண்டு இறுதி மழையில் மண் கரையாமல் இருக்கத்தான். செண்டுமல்லி அப்படியல்ல. அதன் வேரிலுள்ள ஆல்பா டெர்தியெனில் வேர்முடிச்சு நூற்புழுவைக் கொல்லும். ஆனால் மூலைக்கு ஒன்றாக நட்டுப் பயனில்லை. அவர் முறைவைத்து ஒரு பாத்தி முழுக்க நெருக்கி வளர்க்கிறார். பூ அம்மன் கோயிலுக்குப் போகிறது; செடியை எடுத்த பாத்திக்குக் கத்தரி வருகிறது.

அடுத்த முறை மல்லி விதைக்கும்போது ஒரு வரிசையைக் கிள்ளாமல் விட்டுவையுங்கள். அது பூத்திருக்கும் வரை பக்கத்துச் செடிகளுக்கும் பூச்சிமருந்து வேண்டாம். தேன் குடிக்க வந்த குளவியும் செத்துப்போகும்.