லாரியின் ஜாதகம்

மனிதர்களுக்கு இருப்பதைப் போல லாரிகளுக்கும் ஜாதகம் உண்டு. நம் ஜாதகத்தை ஓலையில் எழுதினார்கள். லாரியின் ஜாதகத்தை இரும்பில் அடிக்கிறார்கள்.

பின்பக்கம், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே பூசணிக்காய் மாதிரி உருண்டு நிற்கிறதல்லவா, அதற்குள் இரண்டு பற்சக்கரங்கள் இருக்கின்றன. பெரியது கிரவுன், சிறியது பினியன். கிரவுனுக்கு 41 பல், பினியனுக்கு 6 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 41-ஐ 6-ஆல் வகுத்தால் 6.83. முன்னாலிருந்து வரும் தண்டு அத்தனை தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை சுற்றும். பினியனுக்கு 7 பல்லானால் கணக்கு 5.86. முதலாவது மலை ஏறுகிற மாடு. இரண்டாவது சமவெளியில் ஓடுகிற குதிரை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பூசணிக்காய்தான்!

அமெரிக்காவில் 1960-களில் வந்த வேகக் கார்களை இன்று பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள். அவர்களும் இந்த எண்ணைத்தான் தேடுகிறார்கள். போர்டு கார்களின் அச்சில் ஒரு சிறு தகடு தொங்கும். அதில் '3எல்50' என்றிருந்தால் விகிதம் 3.50, நடுவில் நிற்கும் எழுத்து, ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாதபடி தடுக்கும் அமைப்பு உள்ளே உண்டு என்பதற்கு அடையாளம். அந்தத் தகடு இருந்தால் காருக்கு மதிப்புக் கூடும்.

தூத்துக்குடியில் அந்தப் பாக்கியம் கிடையாது. இந்த ஊர் லாரிகள் உப்புச் சுமக்கிறவை. உப்பு முதலில் பெயின்டைத் தின்னும். பிறகு தகட்டைத் தின்னும். கடைசியில் அடித்த எழுத்தையும் தின்றுவிடும்.

சில வருஷங்களுக்கு முன், எனக்குத் தெரிந்த ஒரு டிரைவர் பிள்ளை மனைவியின் நகைகளை அடகு வைத்துப் பழைய லாரி ஒன்று வாங்கப் புறப்பட்டான். செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கொல்லத்துக்கு உப்பு ஏற்றிப் போவது அவன் திட்டம். "மலைக்கென்றே செய்த வண்டி, ஆறுக்கு நாற்பத்தொன்று" என்று தரகர் சத்தியம் செய்தார். தகட்டைக் காணோம். உள்ளே பற்சக்கரத்தில் எண் இருக்கும். ஆனால் பணம் கொடுக்காத வண்டியைத் திறக்க யார் விடுவார்கள்?

கூட வந்த மெக்கானிக் கிழவர் சிரித்தார். "எழுத்துத்தானே போச்சு அண்ணாச்சி? பல்லு உள்ளேதானே இருக்கு! எண்ணிப்பிடுவோம்" என்றார்.

மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பின்பக்கம் ஒரு புறத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கினார். கியரை நியூட்ரலில் போட்டார். டயரிலும் தண்டிலும் சுண்ணாம்புக் கோடு இழுத்தார். ஒரு புறம் தரையில் நிற்பதால், தூக்கிய சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றினால் உள்ளே கிரவுன் ஒரு சுற்றுச் சுற்றும். பையன் டயரை மெதுவாகத் தள்ளினான். நான் தண்டின் கோட்டைப் பார்த்து எண்ணினேன். ஐந்து முழுச் சுற்று; ஆறாவது முடியச் சற்றே குறை. அவ்வளவுதான், டயர் நின்றுவிட்டது.

"ஏழு பல்லு. இது குதிரைலே, மாடு இல்லை" என்றார் கிழவர். தரகர் வானத்தைப் பார்த்தார். பையன் மடியிலிருந்த பணத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

இந்தக் கடற்கரைக்கு எண்ணிப் பார்ப்பது புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் முத்துக்களைப் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரித்தார்கள். 20-ஆம் எண் சல்லடையில் இருபது துளை. 1000-ஆம் எண்ணில் ஆயிரம் துளை. எண் ஏற ஏற முத்துச் சிறுக்கும். வியாபாரி என்ன சொன்னாலும், துளை வழியே விழுந்த முத்து விழுந்ததுதான். 1961-ஆம் வருஷத்தோடு அந்தக் குளிப்பு நின்றுபோயிற்று.

ஒரு தொழிலாளி எங்கோ ஒரு பட்டறையில் பல்லை எண்ணி, இரும்பில் தன் வாக்கை அடித்து அனுப்புகிறான். அந்த வாக்கு அழிந்துபோனால், வாய்ச் சத்தியத்தை அதன் இடத்தில் வைக்கக்கூடாது. மறுபடியும் எண்ணத்தான் வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பிள்ளை வேறொரு லாரி வாங்கினான். விலை பேசுமுன் அவன் கேட்டது ஒரு ஜாக்கியும் ஒரு துண்டுச் சுண்ணாம்பும்.