விசில் அடித்தது யார்?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்கிய கையோடு திரும்பிவிடாதீர்கள், சகோதரிகளே! முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அந்தப் பக்கத்து ஓடையோரங்களில், மழைக்கால விடியற்காலையில், யாரோ பொல்லாத பையன் விசில் அடிப்பதுபோல் கேட்கும். பையனல்ல, கருநீலச் சீழ்க்கைப் பூங்குருவி!

இப்படியொரு குரலைப் பெட்டியில் அடைக்கத்தான் சுவிட்சர்லாந்துக் கடிகாரக்காரர் பியர் ஜாக்கே துரோவும் (1721–1790) அவர் கூட்டாளிகளும் பாடுபட்டார்கள். பொடி டப்பி அளவில் பொற்பெட்டி. விசையைத் தள்ளினால் மூடி திறந்து, கட்டைவிரல் நுனியளவுக் குருவி சிறகடித்துப் பாடும். உள்ளே சின்னத் துருத்தி, ஒரே ஒரு ஊதுகுழல். குழலுக்குள் உலக்கைபோல் ஒரு தண்டு போய்வர, ஸ்வரம் மாறும். அவ்வளவுதான் சூட்சுமம்!

சாவி கொடுத்தால் அது பாடும். இதற்கோ ஓடையும் ஏலத்தோட்டத்து நிழல் மரமும் வேண்டும். மரம் வெட்டிய சரிவு ஒன்றில் அரை மணி நின்றேன். லாரி ஹாரன்தான் கேட்டது.