கடிக்கும் நாயும் கற்பிக்கும் மனிதனும்

பிராணிகளிடத்தில் இயற்கையாகவே பிரியமுள்ள ஓர் இளைஞன், வேறு உத்தியோகங்களை நாடாமல், நாய்களைப் பழக்கும் தொழிலையே தன் ஜீவனமாக ஏற்க விரும்பினால், அவனைச் சுற்றியுள்ளவர்கள் அவனுடைய அன்பை மெச்சுவார்கள். வருமானத்தைப் பற்றிக் கவலைப்படுவார்கள். ஆனால், ஒரு நாய் மெய்யான ஆவேசத்தோடு பல்லைப் பதிப்பதை அவன் அருகில் நின்று பார்த்திருக்கிறானா என்று ஒருவரும் விசாரிக்க மாட்டார்கள். என்னையும் யாரும் விசாரிக்கவில்லை. பொறுமையும் பிரியமும் ஒருங்கே அமைந்தவனுக்கு எந்த நாயும் வசப்படும் என்ற நம்பிக்கையோடுதான் அந்த வித்தையைக் கற்கச் சேர்ந்தேன்.

கோயமுத்தூருக்கு வெளியே, ஒரு தென்னந்தோப்பை ஒட்டிய திடலில், ராணுவத்தில் நாய்களைப் பழக்கும் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பயிற்சி அளித்து வந்தார். அவரிடம் கொண்டுவரப்பட்ட நாய்களில் வெள்ளை வெளேரென்ற ஒரு ராஜபாளையம் நாயும் இருந்தது. நிமிர்ந்த மார்பும், இளஞ்சிவப்பு மூக்கும், வேற்று மனிதரை எளிதில் அண்டவிடாத கம்பீரமும் உடைய அந்த ஜாதி, விருதுநகர் மாவட்டத்துச் சீமையில் காட்டுப்பன்றி வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டு வந்தது. ஒருநாள் காலையில் அது வேலியோரம் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தபோது, அல்சேஷன் ஒன்று பின்புறமாக நெருங்கி அதன் விலாவில் மூக்கை வைத்தது. அடுத்த க்ஷணத்தில் இரண்டும் ஒன்றையொன்று பற்றிப் புரண்டன. குரைப்பு இல்லை, தொண்டைக்குள்ளிருந்து எழும் ஓர் அடர்ந்த ஒலி மட்டுமே கேட்டது. உதவிக்கு இருந்த பையன் ஒருவன், தான் தினந்தோறும் சோறு வைத்த அல்சேஷனின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினான். அது யாருடைய கை என்று பாராமலே அந்த நாய் திரும்பி அவனுடைய முழங்கைக்குக் கீழே கவ்விவிட்டது.

பெரியவர் கத்தவும் இல்லை, அடிக்கவும் இல்லை. தரையில் கிடந்த தார்ப்பாயை இரண்டின் மேலும் வீசினார்; அவை ஒரு விநாடி திகைத்த சமயத்தில், அவர் ஒன்றின் பின்னங்கால்களையும், மற்றொருவர் இன்னொன்றின் பின்னங்கால்களையும் பற்றித் தூக்கிப் பின்னோக்கி இழுத்துச் சென்று தனித்தனிக் கூண்டுகளில் அடைத்தார்கள். பிறகு பையனைக் குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் காயத்தைக் கழுவச் செய்தபின்பே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார். வெறிநோய் உடலில் வெளிப்பட்டபின் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லையாகையால், அந்தக் கழுவுதலும் அதைத் தொடரும் தடுப்பூசியும் ஒரு நாளும் தள்ளிப்போடத் தகாதவை.

அன்று முதல் என் மனத்தில் சந்தேகம் குடிபுகுந்தது. காயம்படுவோமே என்ற பயம் அதில் ஓர் அம்சந்தான். அதைவிட ஆழமாக என்னை வருத்தியது, சோறிட்ட கையையே கவ்வும்படியான ஒரு சக்தி, நான் தினமும் தடவிக்கொடுக்கும் பிராணியின் உள்ளே உறங்குகிறதென்றால், அதைப் பழக்கிவிட்டேன் என்று சொல்லி, குழந்தைகள் விளையாடும் ஒரு வீட்டுக்குத் திருப்பி அனுப்ப எனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்ற கேள்வியே. இந்தக் கேள்வியைப் பெரியவரிடமே ஒரு மாலையில் வைத்தேன்.

அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. ராஜபாளையம் நாயின் பின்னால் நின்று, அதன் கண்ணில் படாமல், ஒரு தகரத்தைத் தட்டினார். அது திரும்பவே இல்லை. "தம்பி, இதுக்குக் காது கேக்கலை. பின்னாலே ஒண்ணு வந்ததே இதுக்குத் தெரியாது. தெரியாம மேலே ஏதோ பட்டா, நீயும்தான் துள்ளி அடிப்பே" என்றார். முழு வெண்மை நிறத்தோடு பிறவிச் செவிட்டுத்தன்மை சேர்ந்து வருவது அந்த ஜாதியில் அறியப்பட்ட குறை. கட்டளைக்குப் பணியாத முரட்டு நாய் என்று பெயர் வாங்கியிருந்த அந்தப் பிராணிக்கு, இட்ட கட்டளை ஒன்றுமே எட்டியிருக்கவில்லை. காதுவலி, இடுப்புமூட்டு நோவு, ஆறாத புண் ஆகியவையும் இப்படியே வெளிப்பார்வைக்குத் துஷ்டத்தனமாகத் தோன்றும் என்றும், ஆகவே கடிக்கும் நாய் முதலில் போகவேண்டிய இடம் பயிற்சித் திடலன்று, கால்நடை வைத்தியசாலையே என்றும் அவர் விளக்கினார்.

இதற்குப் பின் நான் இத்தொழிலின் பூர்வ சரித்திரத்தைத் தேடிப் படிக்கலானேன். ஜெர்மானியப் போலீஸ் அதிகாரியான கொன்ராட் மோஸ்ட் 1910-ஆம் ஆண்டில் எழுதிய பயிற்சி நூல், நிர்ப்பந்தத்தையும் சிக்ஷையையும் முக்கிய சாதனங்களாகக் கொண்டு, உலகெங்கும் பல தலைமுறைப் பயிற்சியாளர்களுக்கு வழிகாட்டியது. 1947-இல் ருடால்ஃப் ஷென்கெல் என்பவர், பாசல் நகரத்து மிருகக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து, அவற்றுள் நடக்கும் ஆதிக்கப் போட்டியை வர்ணித்தார். ஓநாய்க் கூட்டத்தில் தலைமைக்குச் சண்டை நடக்கிறதாகையால், வீட்டு நாயும் தலைமைக்கே போராடுகிறது, அதை அடக்கியே தீரவேண்டும் என்ற சித்தாந்தம் இவ்வகை ஆராய்ச்சிகளின் நிழலில்தான் வளர்ந்தது. ஆனால், அந்தக் கருத்தைத் தம் நூலாலேயே பரப்பியவர்களில் ஒருவரான அமெரிக்க விஞ்ஞானி டேவிட் மீச், பல வருஷம் காட்டு ஓநாய்களைப் பார்த்தபின், 1999-இல், கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தந்தையும் அவற்றின் குட்டிகளுமே சேர்ந்த ஒரு குடும்பம் என்று எழுதினார். முன்பின் அறியாத மிருகங்களை ஒரே வேலிக்குள் அடைத்தால் அவை போரிடுவதில் என்ன அதிசயம்?

அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்னும் இருவர் 1965-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, எனக்கு மற்றொரு திசையைக் காட்டியது. நாய்க்குட்டி பிறந்த ஏறக்குறைய மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை, மனிதரோடும் பிற நாய்களோடும் கலந்து பழகும் சக்தி அதனிடம் விசேஷமாக மலர்ந்திருக்கிறது. அந்தப் பருவத்தைத் தனிமையில் கழித்த குட்டி, பிற்காலத்தில் புதியதைக் கண்டெல்லாம் அஞ்சும். அஞ்சும் நாய் தப்பியோட வழியில்லாதபோது கடிக்கும். நம் ஊர்களிலோ, காவலுக்கு உக்கிரமாக வளரவேண்டும் என்ற எண்ணத்தில், துல்லியமாக அந்தப் பருவத்திலேயே குட்டியைக் கொல்லைப்புறத்தில் சங்கிலியில் பிணைத்துவிடுகிறார்கள். பின்னர் அது வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கடித்தால், அதன் ஜாதியைக் குறை சொல்கிறார்கள்.

நாய் கடிப்பதற்கு முன் பல தடவை பேசிவிடுகிறது. உதட்டை நக்குகிறது; காரணமின்றிக் கொட்டாவி விடுகிறது; முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணில் வெண்மை தெரியப் பார்க்கிறது; உடம்பு முழுவதும் ஒரு கணம் விறைத்து நிற்கிறது; பின்னரே உறுமுகிறது, பல்லைக் காட்டுகிறது, காற்றைக் கவ்வி எச்சரிக்கிறது. வால் ஆடுவதுகூட எப்போதும் சிநேகத்தின் அடையாளமாகாது. உயர்த்தி விறைப்பாக ஆட்டப்படும் வால் கிளர்ச்சியையே காட்டும். இத்தனை லட்சணங்களையும் கவனியாத யஜமானர், உறுமலை மட்டும் கேட்டு அதற்காக நாயை அடிக்கிறார். கொதிக்கும் உலையின் மூடி ஆடும் சத்தம் பிடிக்கவில்லையென்று மூடியின் மேல் கல்லைத் தூக்கி வைப்பதற்கு இது சமானம். அடிபட்ட நாய் உறுமுவதை விட்டுவிடுகிறது. கோபத்தையும் பயத்தையும் விடுவதில்லை. அப்புறம் அது எச்சரிக்கை இன்றியே கடிக்கும். உறுமலைக் காப்பாற்றி வைப்பது பயிற்சியாளனுடைய கடமைகளுள் ஒன்று என்பதை நான் இங்கேதான் உணர்ந்தேன்.

இவ்வளவும் அறிந்தபின் என் பயம் குறைந்தது; சந்தேகம் குறையவில்லை. ராஜபாளையம் நாயின் சொந்தக்காரர் வந்தபோது அந்தச் சந்தேகத்தின் மெய்யான வடிவம் தெரிந்தது. அவருடைய வீட்டில் பேரக்குழந்தைகள் ஓடியாடி விளையாடுவார்கள். நாயோ தூங்கும்போது தொட்டாலே துள்ளிக் கடிக்கும் நிலையில் இருந்தது. பெரியவர் அவரிடம், கைச்சாடைகளால் இதைப் பழக்கலாம், தரையை மிதித்து அதிர்வு உண்டாக்கியபின் அருகில் போகலாம், ஆனால் சின்னக் குழந்தைகளோடு இதை ஒருபோதும் தனியே விடலாகாது, இயலுமானால் பெரியவர்கள் மட்டும் வசிக்கும் இடத்துக்கு மாற்றுவதே உசிதம் என்று தெளிவாகச் சொன்னார். சொந்தக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "பணம் கொடுத்து அனுப்பினது இதைக் கேக்கறதுக்கா? சரிபண்ணிக் கொடுக்கிற ஆளு எத்தனையோ பேர் இருக்காங்க!" என்று சொல்லி நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார். பெரியவர் வாங்கிய முன்பணத்தை மறுநாளே திருப்பி அனுப்பினார்.

தார்ப்பாயை வீசிய தைரியத்தைக் காட்டிலும் அந்தச் சொல்லைச் சொன்ன தைரியமே எனக்குப் பெரிதாகத் தோன்றியது. தார்ப்பாயை வீசுவது அப்பியாசத்தால் வரும். ஆனால், குறித்த நாளுக்குள் குணமாக்குகிறேன் என்று வாக்களிக்கும் வியாபாரிகளின் நடுவில், முடியாததை முடியாதென்று கூறி, வருமானத்தையும் நற்பெயரையும் இழக்கத் துணிவது சீலத்தால்தான் வரும். சட்டமும் இவ்விஷயத்தில் முழு உதவி செய்வதில்லை. 2024 மார்ச் மாதத்தில் மத்திய அரசாங்கம் 23 ஜாதி நாய்களின் விற்பனையையும் இனப்பெருக்கத்தையும் நிறுத்தும்படி மாநிலங்களுக்கு எழுதியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தக் கடிதத்தை ரத்துச் செய்தது. மே மாதத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடித்துக் குதறின. ஜாதிப் பட்டியலால் மட்டும் அந்தக் குழந்தைக்கு ரக்ஷணை கிடைத்துவிடாது. கயிறும் வாய்க்கூடும் இல்லாமல் நாயை வெளியே விடலாகாது என்று யஜமானரிடம் முகத்துக்கு நேரே சொல்லும் மனிதர், ஒவ்வொரு நாயின் வாழ்விலும் ஒருவராவது இருந்தாக வேண்டும்.

அந்த மனிதராக இருக்க என்னால் இயலுமா என்பதே இப்போது என் சந்தேகம். அது இன்னும் தீரவில்லை. ஆயினும் தொழிலைத் தொடரத் தீர்மானித்திருக்கிறேன். கடித்த நாயை வைத்தியரின் பரிசோதனை இன்றி ஏற்பதில்லை; உறுமியதற்காக எந்த நாயையும் தண்டிப்பதில்லை; குழந்தைகள் உள்ள வீட்டில், என் கண்ணுக்குப் பட்ட அபாயத்தை யஜமானரின் மனம் நோகுமே என்று மறைப்பதில்லை. 'இது இனிமேல் கடிக்காது' என்று உத்தரவாதம் கொடுக்கும்படி யாரேனும் கேட்டால், எந்த நாய்க்கும் அப்படி எழுதிக் கொடுக்க ஒருவராலும் இயலாது என்று மறுக்கும் திடம் எனக்கு இருக்கும்வரை இத்தொழிலில் இருப்பேன். கூலிக்காக அந்த வாக்கைக் கொடுத்துவிடலாமே என்று மனம் சாயும் நாளில் விலகிக்கொள்வேன்.